குளியலறையில் ஒரு கணக்கு: எரிவாயுவா, வெப்பப் பம்பா?

"உங்கள் வீட்டைச் சூடாக்க மாதம் எவ்வளவு செலவாகிறது?" அம்பாங்கில் யாரையாவது நிறுத்தி இப்படிக் கேட்டால், வெயிலில் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். மதியம் 33 டிகிரி, விடியற்காலையில் 24 டிகிரி. நாம் காசு கொடுப்பதெல்லாம் வீட்டைக் குளிர வைக்கத்தான்.

லண்டன் ஈஸ்ட்ஹாமில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கோ இது சிரிக்கிற கேள்வி இல்லை. குளிர்காலத்தில் அவர்கள் வீட்டுச் செலவில் பெரிய பங்கு வீட்டைச் சூடாக்கவே போகிறது. எரிவாயு பாய்லரையே வைத்துக்கொள்வதா, மின்சாரத்தில் ஓடும் வெப்பப் பம்புக்கு மாறுவதா என்பது அங்கே பல வீடுகளில் நடக்கும் விவாதம். அரசாங்கமும் மானியம் கொடுத்து மாறச் சொல்கிறது.

நமக்கும் அந்த விவாதத்தில் ஒரு சின்னப் பங்கு உண்டு. அது குளியலறையில் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த மாலையில் பாட்டிக்கு வெந்நீர் வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தினமும் வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுந்து பள்ளிக்குக் கிளம்பும் உங்களில் பலர், ஹீட்டரைத் தட்டிவிட்டுத்தான் குளிக்கப் போகிறீர்கள். ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோகும்போது கடைக்காரர் மூன்று வழிகளைக் காட்டுவார்: சுவரில் மாட்டும் உடனடி மின் ஹீட்டர், தோம்பில் ஓடும் எரிவாயு ஹீட்டர், வெளியே வைக்கும் வெப்பப் பம்பு. எது மலிவு? கடைக்காரரைக் கேட்பதை விட, படிவம் 4 இயற்பியல் நூலில் வெப்பம் பற்றிய பாடத்தைக் கேட்பது நல்லது. அவருக்காவது விற்பனைக் கவலை உண்டு.

ஒரு குளியலுக்கு எவ்வளவு வெப்பம்?

ஒருவர் குளிக்க 40 லிட்டர் வெதுவெதுப்பான நீர் என்று வைத்துக்கொள்வோம். அம்பாங்கில் குழாய்த் தண்ணீர் சுமார் 27 டிகிரியில் வருகிறது. உடம்புக்கு இதமாக 38 டிகிரி போதும். ஆக, ஏற்ற வேண்டியது 11 டிகிரி மட்டும்.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,200 ஜூல் வேண்டும். 40 × 4,200 × 11 = 18,48,000 ஜூல். மின்சார பில்லில் வரும் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட்-மணி, 36 இலட்சம் ஜூலுக்குச் சமம். எனவே ஒரு குளியலுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல், 0.51 யூனிட்.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. நம் வீடுகளில் மாட்டும் உடனடி ஹீட்டர்கள் பலவற்றில் 3.6 கிலோவாட் என்று அச்சிட்டிருக்கும். அது எட்டரை நிமிடம் ஓடினால் 0.51 யூனிட். நீங்கள் குளிக்கும் நேரமும் அவ்வளவுதானே? அதற்கு மேல் என்றால் வெளியே யாராவது கதவைத் தட்டியிருப்பார்கள்.

நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை, 30 நாள்: ஏறத்தாழ 62 யூனிட் வெப்பம். இந்த 62 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இயந்திரம் வாங்கினாலும் தண்ணீருக்குள் போக வேண்டிய வெப்பம் இவ்வளவுதான். அந்த வெப்பத்தை எங்கிருந்து கொண்டுவருகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

மின் ஹீட்டர் மின்சாரத்தை நேராக வெப்பமாக மாற்றுகிறது. ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் வரும். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. எரிவாயு ஹீட்டரில் சுடரின் வெப்பம் முழுவதும் தண்ணீருக்குப் போவதில்லை. கொஞ்சம் புகையோடு வெளியேறும். நூற்றில் 80 பங்கு தண்ணீருக்குக் கிடைக்கும் என்று கொள்ளலாம்.

வெப்பப் பம்பின் கதை வேறு. ஒரு யூனிட் மின்சாரம் வாங்கிக்கொண்டு மூன்று யூனிட் வெப்பம் தருகிறேன் என்கிறது. கேட்டதும் சந்தேகம் வர வேண்டும். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று படித்திருக்கிறோமே, மீதி இரண்டு யூனிட் எங்கிருந்து வந்தது?

தோம்பைத் தொட்டுப் பாருங்கள்

விடை சமையலறையில், கேஸ் தோம்பிலேயே இருக்கிறது. வீட்டு விசேஷத்துக்குப் பெரிய அடுப்பு வைத்துச் சமைக்கும்போது, அடுப்பு வெகுநேரம் முழுத் தீயில் எரிந்த பிறகு, பெரியவர்களிடம் சொல்லிவிட்டுத் தோம்பின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கும். கீழ்ப்பாதியில் வியர்த்தது போல நீர்த்துளிகள் கோத்து நிற்கும். அந்த ஈரக்கோடு எதுவரை இருக்கிறதோ, ஏறத்தாழ அதுவரை உள்ளே திரவம் இருக்கிறது.

தோம்புக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அழுத்தத்தில் அடைத்து வைத்திருப்பதால் திரவமாக இருக்கிறது. வால்வைத் திறந்ததும் அழுத்தம் குறைகிறது, திரவம் கொதித்து ஆவியாகிறது. ஆம், கொதிக்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் புரோப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. கொதிப்பதற்கு உள்ளுறை வெப்பம் தேவை. அதைத் தோம்பின் இரும்புச் சுவரிலிருந்தும், சுற்றியுள்ள காற்றிலிருந்தும் பிடுங்கிக்கொள்கிறது. அதனால்தான் தோம்பு குளிர்கிறது. பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அதற்குத் தீனி போடும் தோம்பு வியர்த்துக்கொண்டு நிற்பது, கவனித்துப் பார்த்தால் வேடிக்கையான காட்சிதான்.

இப்போது ஒரு கற்பனை. ஆவியான அந்த வாயுவை எரித்துவிடாமல் ஒரு குழாயில் பிடித்து, பம்பால் அழுத்துகிறோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் முனை சுடுவதை உணர்ந்திருப்பீர்கள். வாயுவை அழுத்தினால் சூடேறும். 60, 70 டிகிரிக்குச் சூடேறிய அந்த வாயுவைத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய குழாயில் ஓட விட்டால், வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுத் தானே மீண்டும் திரவமாகிவிடும். அந்தத் திரவத்தை ஒரு குறுகிய துளை வழியே விட்டால் அழுத்தம் விழும், மறுபடியும் கொதிக்கும், மறுபடியும் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தைப் பிடுங்கும். இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருந்தால் அதுதான் வெப்பப் பம்பு.

ஆக, மின்சாரம் வெப்பத்தை உண்டாக்கவில்லை. வெளியே சும்மா கிடக்கும் வெப்பத்தை உள்ளே தூக்கி வரும் கூலி மட்டும்தான் அது. கூலி ஒரு யூனிட், காற்றிலிருந்து எடுத்தது இரண்டு யூனிட், தண்ணீருக்குப் போனது மூன்று. கணக்கு சரியாகிவிட்டது.

அம்பாங் என்ற பெயர் மலாய் மொழியில் அணையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். ஈயச் சுரங்கக் காலத்தில் இங்கே தண்ணீரை அணைகட்டித் தேக்கினார்களாம். தண்ணீர் தானாக மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். வெப்பமும் அப்படியே, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாக ஓடும். எதிர்த்திசையில் ஏற்ற வேண்டுமானால் பம்பு வேண்டும். ஏற்ற வேண்டிய உயரம் கூடக் கூட, பம்புக்கு வேலை கூடும்.

இந்த யோசனை புதியதல்ல. வெப்பநிலை அளவுக்குத் தம் பெயரைக் கொடுத்த கெல்வின், வில்லியம் தாம்சன் என்ற பெயரோடு இருந்த 1852-ஆம் ஆண்டிலேயே, இப்படி ஓர் இயந்திரத்தால் கட்டடத்தைச் சூடாக்கலாம் என்று எழுதிவிட்டார். 1938-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், ரத்தௌஸ் என்னும் நகர மன்றக் கட்டடம் பக்கத்தில் ஓடும் லிமாட் ஆற்றின் குளிர்ந்த நீரிலிருந்தே வெப்பத்தை எடுத்துச் சூடேற்றிக்கொண்டது. நிலக்கரி வளம் இல்லாத நாடு அது. இன்று அதே நகரில் ஈழத்திலிருந்து போன தமிழர்கள் ஏராளமாக வாழ்கிறார்கள்.

ஒரு யூனிட் வெப்பத்தின் விலை

இனி காசுக் கணக்கு. 14 கிலோ தோம்பின் விலை 26 வெள்ளி 60 சென், கிலோவுக்கு 1 வெள்ளி 90 சென். இது அரசாங்க உதவித்தொகை போக நாம் கொடுக்கும் விலை. ஒரு கிலோ எரிந்தால் சுமார் 46 மெகாஜூல் வெப்பம், அதாவது 12.8 யூனிட். முழுத் தோம்பில் ஏறத்தாழ 180 யூனிட் அடங்கியிருக்கிறது. வகுத்தால் யூனிட்டுக்கு 15 சென்னுக்குச் சற்றுக் குறைவு. 80 விழுக்காடுதான் தண்ணீருக்குப் போகிறது என்பதால், தண்ணீருக்குள் சேரும் ஒரு யூனிட் வெப்பத்தின் விலை சுமார் 18.5 சென்.

மின்சாரத்துக்கு வருவோம். 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் புதிய கட்டண முறை நடப்பில் இருக்கிறது. தெனாகா நேஷனல் பில்லை எடுத்துப் பாருங்கள். மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு ஆற்றல் கட்டணம் 27.03 சென், கொள்திறன் கட்டணம் 4.55 சென், கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென். மூன்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். வரியையும் மற்ற சில்லறைக் கட்டணங்களையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

உடனடி மின் ஹீட்டர்: 62 யூனிட், 27 வெள்ளி 55 சென். எரிவாயு ஹீட்டர்: 11 வெள்ளி 50 சென், அதாவது மாதம் ஆறு கிலோ எரிவாயு. வெப்பப் பம்பு: 62-ஐ மூன்றால் வகுத்து 44.43 சென்னால் பெருக்கினால் 9 வெள்ளி 20 சென். வெப்பப் பம்புதான் வெற்றி என்று மேளம் கொட்டிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். உடனடி ஹீட்டரும் எரிவாயு ஹீட்டரும் குழாயைத் திறக்கும்போது மட்டும் வேலை செய்கின்றன. வெப்பப் பம்பு அப்படியல்ல. மெதுவாகச் சூடாக்கி, 55 அல்லது 60 டிகிரியில் தொட்டியில் சேமித்து வைக்கிறது. நாள் முழுவதும் அந்தத் தொட்டி வெப்பத்தைக் கசிய விட்டுக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு யூனிட் கசிகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 30 யூனிட். குளிப்பதற்கே 62 யூனிட்தான் என்ற வீட்டில், குளிக்காமல் போகும் வெப்பம் அதில் பாதி! 92-ஐ மூன்றால் வகுத்துப் பெருக்கினால் 13 வெள்ளி 60 சென். எரிவாயு இரண்டு வெள்ளி முந்திவிட்டது.

உயர்தர இயந்திரம் மூன்றுக்குப் பதில் நான்கு மடங்கு தந்தால்? 10 வெள்ளி 20 சென். மீண்டும் பம்பு முன்னால். நம் ஊரில் நான்கு எட்டக்கூடிய எண்தான், ஏனென்றால் வெளிக்காற்றே 30 டிகிரி, ஏற்ற வேண்டிய மேடு சின்னது. ஆக, இந்தப் போட்டி ஓரிரு வெள்ளியில் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. விளம்பரத்தில் வரும் "மூன்றில் இரண்டு பங்கு மிச்சம்" என்பது மின் ஹீட்டரோடு, அதுவும் தொட்டிக் கசிவைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிட்டால்தான் வரும்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. புதிய கட்டணத்தில் குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு ஊக்கக் கழிவு உண்டு. மாதம் 200 யூனிட்டைத் தாண்டாவிட்டால் யூனிட்டுக்கு 25 சென் கழியும். பயன்பாடு கூடக் கூடக் கழிவு இறங்கிக்கொண்டே போய், 1,000 யூனிட்டுக்கு மேல் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். ஹீட்டரையும் சேர்த்து 200-க்குள் அடங்கும் சிக்கனமான வீட்டுக்கு யூனிட் 19.43 சென்தான். அவர்கள் சாதாரண மின் ஹீட்டரில் குளித்தாலும் மாதம் 12 வெள்ளி, எரிவாயுவுக்கும் அதற்கும் ஐம்பது சென்தான் வித்தியாசம். பக்கத்து வீட்டாருக்குச் சரியான விடை உங்கள் வீட்டுக்குத் தவறாக இருக்கலாம் என்பது இதனால்தான்.

லண்டனில் ஏன் இழுபறி?

இப்போது ஈஸ்ட்ஹாம் வீட்டைப் பார்ப்போம். பிரிட்டனில் ஆற்றல் விலையைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் அமைப்பு, ஒரு சராசரி வீடு ஆண்டுக்கு 11,500 யூனிட் எரிவாயு பயன்படுத்துவதாகக் கொள்கிறது. நம் குளியல் கணக்கு ஆண்டுக்கு 750 யூனிட்கூட வராது. பதினைந்து மடங்கு!

2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே எரிவாயு யூனிட்டுக்கு 6.29 பென்ஸ், மின்சாரம் 26.35 பென்ஸ் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 11,500 யூனிட் எரிவாயுவுக்கு 723 பவுண்டு. பாய்லர் நூற்றுக்கு 90 பங்கு வெப்பத்தைத் தரும் என்றால் வீட்டுக்குக் கிடைப்பது 10,350 யூனிட். இதே வெப்பத்தை மூன்று மடங்கு தரும் பம்பால் கொடுத்தால் 3,450 யூனிட் மின்சாரம், 909 பவுண்டு. எரிவாயுவே மலிவு. நான்கு மடங்கு தரும் பம்பென்றால் 682 பவுண்டு. பம்பு மலிவு. இரண்டும் சமமாகும் இடம் 3.77.

மின்சார விலையை எரிவாயு விலையால் வகுத்துப் பாருங்கள். லண்டனில் நான்குக்குச் சற்று மேல் வருகிறது. பாய்லரின் வீணையும் கழித்தால், பம்பு 3.77 மடங்காவது தந்தாக வேண்டும். எந்த ஊரிலும் இந்த ஒரு வகுத்தலைச் செய்துவிட்டால் பாதி விவாதம் முடிந்துவிடும். நம் ஊரில் 44.43-ஐ 14.8-ஆல் வகுத்தால் மூன்று. உதவித்தொகை பெற்ற எரிவாயுவையும் மீறி இங்கே விகிதம் லண்டனை விடப் பம்புக்குச் சாதகமாக இருப்பது, கணக்குப் போடும்வரை நான் எதிர்பார்க்காத ஒன்று.

லண்டன் கணக்கில் ஒரு கொசுறும் உண்டு. எரிவாயு இணைப்பு வைத்திருப்பதற்கே நாளுக்குச் சுமார் 34 பென்ஸ் நிலைக்கட்டணம். அடுப்பையும் மின்சாரத்துக்கு மாற்றி இணைப்பையே துண்டித்துவிட்டால், ஆண்டுக்கு 124 பவுண்டு மிச்சம். அதைச் சேர்த்தால் சமமாகும் இடம் 3.77-இலிருந்து 3.2-க்கு இறங்கிவிடுகிறது. "பம்பு வாங்கி நஷ்டப்பட்டேன்" என்று ஒருவரும், "எனக்கு இலாபம்" என்று அடுத்த தெருக்காரரும் சொல்வதில் இருவருமே உண்மை பேசலாம்.

பம்பு எத்தனை மடங்கு தரும் என்பது குளிரைப் பொறுத்தது. இதற்குக் கெல்வின் அளவில் ஒரு எளிய உச்சவரம்பு உண்டு: சூடான பக்கத்தின் வெப்பநிலையை, இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். லண்டனில் வெளியே 2 டிகிரி, ரேடியேட்டரில் 45 டிகிரி என்றால் 318 ÷ 43, அதாவது 7.4. அம்பாங்கில் வெளியே 30 டிகிரி, தொட்டியில் 55 டிகிரி என்றால் 328 ÷ 25, அதாவது 13. உண்மையான இயந்திரங்கள் இந்த உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கோ, பாதியோதான் எட்டும். அந்த வீட்டுக்காரர் ரேடியேட்டரை 60 டிகிரிக்கு முறுக்கிவிட்டால் மடங்கு சரியும், பில் ஏறும். அதனால்தான் பம்பு வைக்கும் வீட்டில் பெரிய ரேடியேட்டர் மாட்டி, குறைந்த சூட்டில் ஓட்டச் சொல்கிறார்கள்.

நார்வேயில் இந்த விவாதமே வேறு. தமிழர்கள் கணிசமாக வாழும் ஒஸ்லோவில் வீடுகளுக்கு எரிவாயுக் குழாய் போவது அபூர்வம். மின்சாரம் பெரும்பாலும் நீர்வீழ்ச்சிகளிலிருந்து வருகிறது. முன்பெல்லாம் மின்கம்பி ஹீட்டரில் சூடு காய்ந்தவர்கள் அவர்கள். கட்டடங்களை எண்ணெய் எரித்துச் சூடாக்குவதற்கு 2020-இல் தடையும் வந்துவிட்டது. அந்த இடத்தில் பம்பு நேரடியாக மூன்றில் ஒரு பங்காகப் பில்லைக் குறைக்கிறது. உறைபனி நாட்டில் பத்து வீட்டில் சுமார் ஆறு வீட்டில் வெப்பப் பம்பு இருப்பதற்கு இதுதான் காரணம். "குளிர் நாட்டில் பம்பு வேலை செய்யாது" என்று யாராவது சொன்னால் நார்வேயைக் காட்டுங்கள்.

வாங்கும் விலை என்னும் முட்டுக்கட்டை

அம்பாங்குக்குத் திரும்புவோம். ஓட்டும் செலவு மட்டும் கணக்கல்ல. உடனடி ஹீட்டர் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும். தொட்டியோடு கூடிய வெப்பப் பம்பு சில ஆயிரம் வெள்ளி. வித்தியாசம் 3,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மின் ஹீட்டருக்குப் பதில் பம்பு வைத்தால் மாத மிச்சம் 14 வெள்ளி. 3,500-ஐ 14-ஆல் வகுத்தால் 250 மாதம், ஏறத்தாழ 21 ஆண்டுகள். அதற்குள் பம்பே கிழடு தட்டிப் போயிருக்கும். நான்கு பேர் உள்ள அடுக்குமாடி வீட்டுக்கு இது ஒத்துவராது என்பதே என் தீர்ப்பு.

ஒரு தங்கும் விடுதிக்கு இதே கணக்கைப் போட்டால் விடை தலைகீழாகிவிடும். நாளுக்கு 10,000 லிட்டர் தண்ணீரை 27-இலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற 327 யூனிட் வெப்பம் வேண்டும், மாதம் 9,800 யூனிட். வணிகக் கட்டணம் வேறு என்றாலும், ஒப்பிடுவதற்காக வீட்டு விலையையே போட்டுப் பார்த்தால் மின் ஹீட்டருக்கு 4,350 வெள்ளி, பம்புக்கு 1,450 வெள்ளி. மாதம் 2,900 வெள்ளி மிச்சம். தொட்டிக் கசிவும் அவ்வளவு பெரிய அளவில் ஒரு பொருட்டே இல்லை. விடுதி, மருத்துவமனை, சலவைக்கூடம் போன்ற இடங்களில் இந்த இயந்திரங்கள் இருப்பதும், நம் வீடுகளில் அரிதாக இருப்பதும் இதனால்தான். மொட்டை மாடியோ கூரையோ சொந்தமாக உள்ள தரைவீட்டுக்காரர்களுக்குச் சூரிய வெப்ப ஹீட்டர் என்று நான்காவது வழியும் உண்டு. அடுக்குமாடியில் பத்தாம் மாடியில் இருப்பவருக்குக் கூரை ஏது?

அப்படியானால் எரிவாயு ஹீட்டர்தான் சிறந்ததா? பில் அப்படிச் சொல்கிறது. ஆனால் பில்லில் வராத ஒன்று இருக்கிறது. போதிய காற்று இல்லாமல் எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு விடாது. எரிவாயு கசிந்தால் மூக்குக்குத் தெரிவதற்காகவே அதில் நாற்றப்பொருள் சேர்க்கிறார்கள். எரிந்த பிறகு வரும் மோனாக்சைடுக்கு அந்த எச்சரிக்கைகூட இல்லை. எனவே எரிவாயு ஹீட்டரை மூடிய குளியலறைக்குள் ஒருபோதும் வைக்கக் கூடாது. காற்றோட்டமான வெளிப்பகுதியில்தான் வைக்க வேண்டும். மின் ஹீட்டருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. 10 மில்லியம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு விசை அதன் இணைப்பில் இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கேட்கச் சொல்லுங்கள்.

புகைக் கணக்கையும் ஒரு வரியில் பார்த்துவிடலாம். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் 3 கிலோ கரியமில வாயு. தீபகற்பத்தில் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் இயற்கை எரிவாயுவிலும் உற்பத்தியாவதால் யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ. நம் நான்கு பேர் குளியலுக்கு மாதம் மின் ஹீட்டரில் 46 கிலோ, பம்பில் 23 கிலோ, எரிவாயுவில் 18 கிலோ. மின் நிலையங்களில் நிலக்கரி குறையக் குறைய முதல் இரண்டு எண்களும் இறங்கும். மூன்றாவது அப்படியே இருக்கும்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பம்பு

வெப்பப் பம்பு வாங்கினால் கட்டுப்படியாகாது என்று சொன்னேன். ஆனால் அம்பாங்கில் ஏராளமான வீடுகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. பெயர் மட்டும் வேறு: ஏர்கோன். கிள்ளான் பள்ளத்தாக்கு அதைத் தயாரிக்கும் வட்டாரமும்கூட. ஷா ஆலமில் பானாசோனிக், சுங்கை பூலோவில் டைகின் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அறைக்குள்ளிருந்து வெப்பத்தைப் பிடுங்கி வெளியே தள்ளும் அதே கொதிப்பு, அதே அழுத்தம், அதே சுற்று. புதிய வெப்பப் பம்புகள் சிலவற்றில் சுற்றி வருவது புரோப்பேன்தான் என்றால் நம்புவீர்களா? ஒரு வீட்டில் அடுப்பில் எரியும் பொருள், இன்னொரு வீட்டில் எரியாமல் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் அறையிலிருந்து சுமார் 2.7 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. அதற்குச் சுமார் 0.8 கிலோவாட் மின்சாரம் வாங்குகிறது. இரண்டும் சேர்ந்து 3.5 கிலோவாட் வெப்பமாக வெளியே உள்ள பெட்டியிலிருந்து வீசப்படுகிறது. குளியலறையில் மாட்டியிருக்கும் ஹீட்டர் எவ்வளவு என்று நினைவிருக்கிறதா? 3.6 கிலோவாட். சுவருக்கு அந்தப் பக்கம் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே, இந்தப் பக்கம் அதே அளவு வெப்பத்தைக் காசு கொடுத்து உண்டாக்குகிறோம்.

இரவு எட்டு மணி நேரம் பாதி வேகத்தில் ஓடினாலும் 14 யூனிட் வெப்பம் வெளியே போகிறது. நால்வரும் குளிக்கத் தேவை இரண்டு யூனிட். ஏர்கோனின் சூடான வாயுக் குழாயைத் தண்ணீர்த் தொட்டி வழியாகத் திருப்பி, அந்த வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றன. தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் ஏர்கோனுக்கும் வேலை கொஞ்சம் குறைகிறது. தடைகள் மிகச் சாதாரணமானவை. ஏர்கோன் பெட்டி படுக்கையறைக்கு வெளியே தொங்குகிறது, குளியலறை வீட்டின் மறுகோடியில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே செப்புக் குழாய் இழுக்க வேண்டும், தொட்டிக்கு இடம் வேண்டும், வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். கட்டி முடித்த வீட்டில் சுவரை உடைத்து இதைச் செய்வது சிரமம். வீட்டின் வரைபடம் வரையும்போதே குளியலறையையும் ஏர்கோன் பெட்டியையும் ஒரே சுவரின் இரு பக்கங்களில் வைத்துவிட்டால், குழாயின் நீளம் இரண்டு மூன்று மீட்டரில் முடிந்துவிடும்.